நிற்பதற்கு ஓர் இடம் எங்கே?



சென்னை மாநகரில் ஒரு கோரிக்கைக்காக நூறு பேர் கூடி நிற்க வேண்டுமென்றால் எங்கே நிற்பது? கேட்பதற்கு இது சின்னக் கேள்வியாகத் தோன்றும். அனுமதி கேட்டு வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கோரிக்கையைத் தயாரிப்பதற்கு ஆன நேரத்தைவிட, அதைச் சொல்வதற்கு ஓர் இடம் பிடிக்கத்தான் அதிக நேரம் ஆனது என்பார்கள்.

2025 ஆகஸ்ட் மாதம் ரிப்பன் மாளிகை வாசலில் நடந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. நடந்தது மற்றவர்களுக்குத்தானே என்று நம்மில் சிலர் பேசியதும் காதில் விழுந்தது. அவர்களுக்காகவே இந்தத் தலையங்கம்.

சென்னை மாநகராட்சியின் 5-வது மண்டலம் ராயபுரம். 6-வது மண்டலம் திரு.வி.க. நகர். இந்த இரண்டு மண்டலங்களிலும் குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க மாநகராட்சி முடிவு செய்தது. மாநகரின் பெரும்பாலான மண்டலங்கள் அதற்கு முன்பே தனியார் கைக்குப் போய்விட்டவை. மிச்சமிருந்த இடங்களில், தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் என்ற திட்டத்தின் பெயரால் சுமார் 2 ஆயிரம் பேர் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்து வந்தனர். பெரும்பாலோர் பெண்கள், அவர்களிலும் பெரும்பாலோர் தலித் பெண்கள். கொரோனா காலத்தில் பெற்ற பிள்ளையே தகப்பனின் ஜனாஸாவை நெருங்கப் பயந்தபோது, தெருவில் இறங்கி வேலை செய்தவர்கள் இவர்கள்தான்.

மாதம் சுமார் 23 ஆயிரம் ரூபாய் வாங்கி வந்ததாகவும், தனியாரிடம் போனால் அது 17 ஆயிரத்துக்கும் கீழே இறங்கிவிடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். சம்பளம் மட்டும் அல்ல பிரச்சினை. மாநகராட்சியின் ஊழியராக ஒருநாள் நிரந்தரம் ஆவோம் என்ற நம்பிக்கையில்தான் பத்து வருடம், பதினைந்து வருடம் என்று காத்திருந்தனர். 2021 தேர்தலில் ஆட்சிக்கு வந்த கட்சி தந்த வாக்குறுதியைத்தான் அவர்கள் திருப்பிக் கேட்டனர். புதிதாக எதையும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 1-ம் தேதி ரிப்பன் மாளிகைக்கு முன்னால் நடைபாதையில் உட்கார்ந்தனர். வெயிலிலும் மழையிலும் 13 நாட்கள் அங்கேயே இருந்தனர். உணவும் உறக்கமும் அங்கேதான். அமைச்சர்கள் பேச்சுவார்த்தை நடத்தினார்கள், முடிவு எட்டப்படவில்லை. ஆகஸ்ட் 13 அன்று, நடைபாதை மறிக்கப்படுவதாகத் தொடரப்பட்ட வழக்கில், அனுமதி பெறாத இடத்தில் போராட்டத்தைத் தொடர முடியாது, அனுமதிக்கப்பட்ட இடத்தில் நடத்திக் கொள்ளலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று நள்ளிரவில் காவல்துறை உள்ளே இறங்கியது. பெண்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிப் பேருந்துகளில் ஏற்றினர். துணைக்கு நின்ற வழக்கறிஞர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் பிடிக்கப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றத்தின் வேறொரு அமர்வு தலையிட்ட பிறகே பிடிபட்ட வழக்கறிஞர்கள் விடுவிக்கப்பட்டனர். சுதந்திர தினத்துக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி!

அதே ஆகஸ்ட் 14 அன்று அமைச்சரவை கூடியது. தூய்மைப் பணியாளர்களுக்கு இலவசக் காலை உணவு, காப்பீடு, பிள்ளைகளுக்குக் கல்வி உதவித் தொகை, 30 ஆயிரம் வீடுகள் என ஆறு திட்டங்கள் அறிவிக்கப்பட்டன. நல்ல திட்டங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் இரவில் தெருவிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவளுக்கு விடிந்ததும் இட்லி தருகிறோம் என்று அறிவிப்பதை என்னவென்று சொல்வது? அவள் கேட்டது இட்லியா? பணி நிரந்தரம் கேட்டவளுக்குக் காலைச் சிற்றுண்டியைப் பதிலாகத் தருவதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

தனியார்மயத் தீர்மானத்தை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில், தீர்மானத்தை ரத்து செய்ய நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அவர்கள் கடைசியாக வாங்கிய ஊதியம் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. 13 நாள் வெயிலில் உட்கார்ந்தவர்கள் சொன்ன ஊதியக் குறைப்பு அச்சத்தில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதில் நமக்கென்ன?

சகோதரர்களே, ராயபுரம் மண்டலம் என்றால் எது? மண்ணடியும் அதற்குள்தான் வருகிறது. 2025 ஜூன் 7 அன்று பக்ரீத் பெருநாள். குர்பானி கொடுத்த பிறகு தெருக்களில் சேர்ந்த கழிவை அள்ளியது யார்? மறுநாள் காலை வீட்டு வாசலில் நாற்றம் இல்லாமல் நாம் நடந்து போனது யாருடைய உழைப்பால்? அந்தப் பெருநாள் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதே கைகள் ரிப்பன் மாளிகை வாசலில் கோஷம் போட்டுக் கொண்டிருந்தன. போராட்ட நாட்களில் தெருவில் குப்பை குவிந்ததைப் பற்றி நம்மில் பலர் முணுமுணுத்தோம். குப்பை குவிந்தது என்றால் அதுவரை யாரோ அள்ளிக் கொண்டிருந்தார்கள் என்றுதானே பொருள்?

இன்னொரு பழைய கதையும் உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

6-வது மண்டலத்துக்குப் பெயர் தந்த திரு.வி. கலியாணசுந்தரனார், 1918-ல் பெரம்பூரில் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கத்தின் தூண்களில் ஒருவர். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கங்களில் ஒன்று அது. பின்னி ஆலை என்று நம் முன்னோர் சொன்ன பக்கிங்காம் கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகப் பிறந்த சங்கம். 1921-ல் அந்த ஆலையில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. மாதக்கணக்கில் நீடித்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பலர் வேலைக்குத் திரும்ப, சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம், ஆதிதிராவிடர்கள் மறு பக்கம் என்று தொழிலாளர் படை இரண்டாகப் பிளந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. வேலைநிறுத்தம் தோற்றது. ஜெயித்தது யார்? ஆலை முதலாளியும் வெள்ளைக்கார அரசும்தான்.

யார் மீது எவ்வளவு தவறு என்று நூறு வருடம் கழித்து நாம் கணக்குப் போடப் போவதில்லை. ஆனால் அந்தப் புளியந்தோப்பும் இந்த 6-வது மண்டலத்துக்குள்தான் இருக்கிறது. அதே தெருக்களைக் கூட்டும் பெண்கள் ஒரு நடைபாதையில் 13 நாள் உட்கார்ந்தபோது, பக்கத்துத் தெருவில் இருக்கும் நம் சமுதாயத்திலிருந்து எத்தனை பேர் போய் அவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம்? போனவர்கள் உண்டு. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தவர்கள் உண்டு. அவர்களைப் பாராட்டுகிறோம். போதுமான எண்ணிக்கையா என்பதுதான் கேள்வி.

மறந்துபோன பிப்ரவரி

போராடும் இடத்தைப் பற்றி நமக்கே பாடம் கிடைத்த நாள் 2020 பிப்ரவரி 14. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் கூடியவர்கள் மீது அன்று தடியடி நடந்தது. செய்தி பரவிய அதே இரவில் தமிழகம் முழுக்க மக்கள் தெருவுக்கு வந்தனர். வண்ணாரப்பேட்டைத் தெருவில் பெண்கள் உட்கார்ந்தார்கள். கொரோனா வந்து மார்ச் மாதம் ஒத்திவைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. அப்போது ஆட்சியில் இருந்தது அ.தி.மு.க. 2025 ஆகஸ்டில் இருந்தது தி.மு.க. வாசலில் நின்ற அதிகாரி சொன்ன வாசகம் மட்டும் ஒன்றே: "அனுமதி இல்லை, கலைந்து போங்கள்."

அதனால்தான் சொல்கிறோம், இது கட்சிப் பிரச்சினை அல்ல. எதிர்க்கட்சியாக இருக்கும்போது தெருவைத் தாய்வீடு என்பார்கள். கோட்டைக்குள் நுழைந்த மறுநாளே அதே தெரு போக்குவரத்துக்கு மட்டும் உரியதாகிவிடும்!

அந்த அனுமதி எங்கிருந்து வருகிறது தெரியுமா? சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41-வது பிரிவிலிருந்து. சட்டம் பிறந்த ஆண்டு 1888. காங்கிரஸ் கட்சி தொடங்கி மூன்றே வருடம் ஆகியிருந்த காலம். கறுப்பு மனிதர்கள் கூடினால் ஆபத்து என்று நினைத்த வெள்ளைக்காரன் எழுதி வைத்தது. இதன்படி ஆணையர் போடும் உத்தரவுக்கு 15 நாள்தான் ஆயுள். ஆனால் அது முடிந்ததும் அடுத்த 15 நாள், அதற்கடுத்த 15 நாள் என்று புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். அவசரத்துக்கென்று கொடுத்த அதிகாரம் நிரந்தரமாகிவிட்டது. கூட்டம் நடத்த ஐந்து நாட்களுக்கு முன்பே மனுக் கொடுக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இன்று காலை ஒருவரைக் காவல் நிலையத்தில் அடித்துக் கொன்றார்கள் என்றால் ஐந்து நாள் கழித்துத்தான் கோபப்பட வேண்டும் என்று அர்த்தம்.

அனுமதி கிடைத்தாலும் எங்கே கிடைக்கும்? வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம் விருந்தினர் மாளிகை பக்கம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம். எதை எதிர்த்துப் போராடினாலும் இந்த மாதிரி இடங்கள்தான். மாநகராட்சித் தீர்மானத்தை எதிர்ப்பவன் மாநகராட்சி வாசலில் நிற்கக் கூடாது. வள்ளுவர் கோட்டத்தில் நின்று அவன் யாரிடம் முறையிடுவது, கல் தேரிடமா?

அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைக் குடிமக்களுக்குக் கொடுத்திருக்கிறது. நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்றும் அது சொல்கிறது. 1972-ல் அகமதாபாத் காவல் ஆணையருக்கு எதிரான ஹிம்மத்லால் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம், பொதுத் தெருக்களில் கூட்டத்தை அரசு ஒழுங்குபடுத்தலாம், ஆனால் அதிகாரியின் மனம்போல மறுக்கும் அதிகாரம் செல்லாது என்று தெளிவாகச் சொன்னது. டெல்லி ஜந்தர் மந்தரில் போராடவே கூடாது என்று வந்த தடையையும் 2018-ல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. கட்டுப்பாடு வேண்டும், முற்றான தடை கூடாது என்றது. அதே நீதிமன்றம் 2020 அக்டோபரில் ஷாஹீன் பாக் வழக்கில், ஒதுக்கப்பட்ட இடத்தில்தான் போராட வேண்டும், பொது வழியைக் காலவரையின்றி மறிக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. காவல்துறைக்கு இந்தக் கடைசித் தீர்ப்பு மட்டும் மனப்பாடம். முந்தைய இரண்டும் எந்த அலமாரியில் தூங்குகின்றனவோ!

தூக்கம் என்றதும் இன்னொரு தீர்ப்பு நினைவுக்கு வருகிறது. 2011 ஜூன் 4 நள்ளிரவில் டெல்லி ராம்லீலா மைதானத்தில் பாபா ராம்தேவின் உண்ணாவிரதப் பந்தலுக்குள் காவல்துறை புகுந்தது. உறங்கிக் கொண்டிருந்த கூட்டத்தைக் கண்ணீர்ப் புகை வீசிக் கலைத்தது. ராம்தேவின் அரசியலோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்பவத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்து 2012 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஏற்பாட்டாளர்கள் பக்கமும் தவறு கண்டது. ஆனாலும் உறங்கும் மக்கள் மீது நள்ளிரவில் பாய்ந்தது தவறு, உறக்கமும் வாழும் உரிமையில் அடங்கியது என்றது. ராம்லீலா மைதானத்தில் படுத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட நீதி, ரிப்பன் மாளிகை நடைபாதையில் படுத்திருந்த பெண்களுக்குக் கிடையாதா?

போக்குவரத்து என்ற வாதத்தை நாம் அலட்சியப்படுத்தவில்லை. ரிப்பன் மாளிகைக்கு முன்னால் ஓடுவது பெரியார் ஈ.வெ.ரா. சாலை. கூப்பிடு தூரத்தில் சென்ட்ரல் ரயில் நிலையம், அதற்கு அருகே அரசுப் பொது மருத்துவமனை. ஆம்புலன்ஸ் நிற்கக் கூடாது, நோயாளி தவிக்கக் கூடாது. போராடுகிறவர்களுக்கும் இந்தக் கடமை உண்டு. நம் கூட்டங்களிலும் ஆம்புலன்ஸுக்கு வழிவிடுவதற்கென்றே தொண்டர் அணி நிற்க வேண்டும் என்று வலியுறுத்தி வருகிறோம். ஆனால் தலைவர்களின் கார் அணிவகுப்புக்காக அதே சாலைகளில் மக்களை வெயிலில் நிறுத்தி வைக்கும்போது யாருக்கும் போக்குவரத்து நினைவு வருவதில்லையே, ஏன்?

கடற்கரைக்கு வாருங்கள். நம் மெரினாதான். 1919-ல் ரௌலட் சட்டத்தை எதிர்த்து மக்கள் வெள்ளமாகக் கூடிய மணல் அது. 1920 ஆகஸ்ட் 12 அன்று காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் ஒரே மேடைக்கு வந்து கிலாபத்துக்காகவும் ஒத்துழையாமைக்காகவும் மக்களைத் திரட்டியதும் இந்தக் கடற்கரையில்தான். 1923-ல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இங்கேதான். பிரிட்டிஷ்காரன் ஆண்ட காலத்தில் கூடிய இடம்!

இன்று? உழைப்பாளர் சிலை 1959-ல் இருந்து அங்கே நிற்கிறது. நான்கு மனிதர்கள் பாறையைப் புரட்டுகிறார்கள். வெண்கல உழைப்பாளி நிற்கலாம். ரத்தமும் சதையுமான உழைப்பாளி நாலு பேர் ஒரு பதாகையோடு அங்கே போய் நின்றால் ஐந்தாவது நிமிடம் வேன் வந்துவிடும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் கூடியதிலிருந்து அரசுகளுக்கு அந்த மணலைப் பார்த்தாலே பயம். 2018-ல் காவிரிக்காக உண்ணாவிரதம் இருக்க விவசாயி சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு இடம் கேட்டார். தனி நீதிபதி ஒரே ஒரு நாள் அனுமதித்தார். அரசு மேல்முறையீட்டுக்கு ஓடியது; செப்டம்பரில் அந்த ஒரு நாளும் ரத்தானது. மறைந்த தலைவர்களுக்கு அங்கே இடம் உண்டு, மணிமண்டபம் உண்டு. உயிரோடு இருக்கும் விவசாயிக்கு ஒரு பகல் பொழுதுகூடக் கிடையாது.

கூட்டம் கூடினால் ஆபத்து என்பது காரணமாம். 2024 அக்டோபர் 6 அன்று விமானப் படை சாகசம் பார்க்க லட்சக்கணக்கான மக்கள் அதே மெரினாவில் கூட்டப்பட்டனர். வெயில் கொடுமையில் ஐந்து பேர் இறந்தார்கள். வேடிக்கை பார்க்கக் கூடலாம், கேள்வி கேட்கத்தான் கூடக் கூடாது!

நாம் கேட்பது என்ன?

கோட்டைக்கும் ரிப்பன் மாளிகைக்கும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில், மக்கள் தங்கள் குறையைச் சொல்ல நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்குங்கள். குடிநீரும் கழிப்பறையும் அங்கே இருக்கட்டும். பெண்கள் 13 நாள் உட்கார்ந்த ஊர் இது. அனுமதி மறுப்பதானால் காரணத்தை எழுதி, நீதிமன்றம் போக அவகாசம் இருக்கும்படி முன்கூட்டியே கொடுங்கள். முந்தின நாள் மாலை ஆறு மணிக்குத் தொலைபேசியில் "இல்லைங்க" என்று சொல்வது பதில் ஆகாது. சூரியன் மறைந்த பின் பெண்கள் இருக்கும் பந்தலைக் கலைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். 41-வது பிரிவின்படி போடும் உத்தரவுகள் 15 நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பிக்கப்படுவதைச் சட்டமன்றத்தில் கேள்வியாக்க வேண்டியது நம் வாக்கை வாங்கிப் போன உறுப்பினர்களின் பொறுப்பு. எந்தக் கட்சி என்றாலும் சரி, அடுத்த முறை உங்கள் தெருவுக்கு வரும்போது இதை நேருக்கு நேர் கேளுங்கள்.

கிளை நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. நம்முடைய ஆர்ப்பாட்டத்துக்கு ஆள் திரட்டுவதில் காட்டும் சுறுசுறுப்பை, உங்கள் வார்டில் தூய்மைப் பணியாளரோ மீனவரோ குடிசையை இழந்தவரோ நடத்தும் ஆர்ப்பாட்டத்திலும் காட்டுங்கள். கொடி கொண்டு போக வேண்டாம். பத்துப் பேர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தால் போதும்.

அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது மனுவை இரண்டு பிரதிகளாக எடுத்துச் செல்லுங்கள். இடம், நாள், நேரம், வரக்கூடியவர் எண்ணிக்கை, பொறுப்பாளர் பெயர் ஆகியவற்றைத் தெளிவாக எழுதுங்கள். இரண்டாவது பிரதியில் தேதியுடன் அலுவலக முத்திரை வாங்காமல் அந்த வாசலை விட்டு நகராதீர்கள். வாய்மொழியாக மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேட்டு அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். வழக்கு என்று வரும்போது நீதிபதி முதலில் கேட்கப் போவது அந்த முத்திரையைத்தான்.